என்ஜினை இறக்கைக்கு மேலே வைத்தால் என்ன?

கேள்வி இது: பயணிகள் ஜெட் விமானம் என்றாலே இறக்கைக்கு அடியில்தான் என்ஜின் தொங்குகிறது. அதை மேலே வைத்தால் என்ன? யாரும் முயன்றதில்லையா? முயன்றிருந்தால் ஏன் நிலைக்கவில்லை?

முயன்றிருக்கிறார்கள். 1971 ஜூலை 14 அன்று மேற்கு ஜெர்மனியின் பிரேமன் நகரிலிருந்து விஎஃப்டபிள்யூ 614 என்ற சிறிய விமானம் முதன்முதலாகப் பறந்தது. அதன் இரண்டு என்ஜின்களும் இறக்கைக்கு மேலே, ஆளுக்கொரு தூணின் மீது நின்றன. முதல் முறை படத்தைப் பார்ப்பவர்கள், யாரோ படத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். என்னைக் கேட்டால், ஜெட் யுகத்தில் மிகத் தெளிவாகச் சிந்தித்து வரையப்பட்ட விமானங்களில் அதுவும் ஒன்று. அதற்கு வருவதற்கு முன், 'அடியில்' என்பது எப்படி வழக்கமாயிற்று என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் தொடக்கத்தில் அது வழக்கமே இல்லை.

உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானமான பிரிட்டனின் காமெட்டில் என்ஜின் வெளியே தெரியாது. 1949-ல் பறந்து 1952-ல் சேவைக்கு வந்த அந்த விமானத்தின் நான்கு என்ஜின்களும், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் உள்ளே புதைந்திருந்தன. சோவியத் ஒன்றியத்தின் டியூ-104 விமானத்திலும் அப்படித்தான். பார்க்க அழகு. காற்றைத் தடுக்கும் புடைப்புகள் குறைவு. ஒரு என்ஜின் நின்றுபோனாலும் மற்றவை நடுக்கோட்டுக்கு அருகிலேயே இருப்பதால் விமானம் ஒரு பக்கமாக இழுக்காது. ஆனால் இறக்கைக்கு முதுகெலும்பாக ஓடும் உத்திரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தீப்பற்றினால் எரிபொருளும் பயணிகளும் பக்கத்திலேயே இருந்தார்கள். நாளை இன்னும் பெரிய என்ஜின் வந்தால் இறக்கையையே மாற்ற வேண்டும். காமெட்டை வீழ்த்தியது இந்த ஏற்பாடு அல்ல, அழுத்தமேற்றிய உடற்பகுதியில் ஏற்பட்ட உலோகச் சோர்வு. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வதால் இதைச் சொல்கிறேன்.

என்ஜினைத் தனிக் கூட்டில் வைத்து இறக்கைக்கு வெளியே தொங்கவிடும் முறையை நிலைநாட்டியது ஒரு குண்டுவீச்சு விமானம். 1945 மே மாதம், தோல்வியடைந்த ஜெர்மனியின் ஆய்வுக்கூடம் ஒன்றில் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளைப் பற்றிய சோதனைத் தரவுகளைப் போயிங் பொறியாளர் ஜார்ஜ் ஷைரர் கண்டார். உடனே ஊருக்குக் கடிதம் எழுதினார். அதன் விளைவாக மாற்றி வரையப்பட்ட பி-47, 1947 டிசம்பர் 17 அன்று பறந்தது. அதில் என்ஜின்கள் இறக்கைக்குக் கீழே, சற்று முன்னால் நீட்டிய தாங்கிகளில் தொங்கின. பைலான் என்று துறையில் சொல்வது இந்தத் தாங்கியைத்தான்.

இந்த இடத்தின் அருமையை விளக்க எனக்குப் பந்தல்தான் நினைவுக்கு வருகிறது. காற்றடிக்கும் நாளில் பந்தல் துணி மேலே எழும்பாமலிருக்க ஓரங்களில் கல் கட்டுவார்கள் அல்லவா? பறக்கும்போது இறக்கையைக் காற்று மேல்நோக்கித் தூக்குகிறது. நடுவில் உடலின் பாரம் கீழே இழுக்கிறது. இறக்கை அடிப்பாகத்தில் முறிவதைப்போல வளைகிறது. வழியில் சில டன் எடையுள்ள என்ஜினைக் கட்டித் தொங்கவிட்டால் அந்த வளைவு தணிகிறது. ஆகவே இறக்கையை மெல்லியதாக, எடை குறைவாகக் கட்ட முடிகிறது. என்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதற்கும் காரணம் உண்டு. வேகம் கூடக் கூட இறக்கை கொடியைப்போலப் படபடக்கத் தொடங்கும் ஆபத்து இருக்கிறது. பாரம் முன்னால் இருந்தால் அந்தப் படபடப்பு அடங்குகிறது, அம்பின் முனையில் எடை இருப்பதைப்போல. தீப்பற்றினால் தொலைவில் எரியும். பழுது பார்ப்பவர் தரையில் நின்றபடி அல்லது சிறு ஏணியில் ஏறிக் கூட்டைத் திறக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்துக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் மதிப்புத் தருகிறேன். விமானம் சம்பாதிப்பது வானத்தில் என்றாலும், அதன் வடிவத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தரைதான்.

அடியில் வைப்பதன் குறையும் தரையிலிருந்தே வருகிறது. போயிங் 737 விமானத்தின் கதை முழுவதும் இதுதான். 1967-ல் அது முதன்முதலாகப் பறந்தபோது வேண்டுமென்றே குட்டையான சக்கரக் கால்களுடன் செய்தார்கள். சிறிய ஊர்களின் விமான நிலையங்களில் உயரமான படிக்கட்டு வண்டிகளோ பெட்டிகளை ஏற்றும் எந்திரங்களோ இருக்காது. விமானம் தாழ்ந்து நின்றால் ஆட்கள் கையாலேயே மூட்டைகளை ஏற்றிவிடலாம். அன்றைய என்ஜினின் விசிறி சுமார் ஒரு மீட்டர் விட்டம்தான் என்பதால் அது இறக்கையோடு ஒட்டிக்கொண்டு சிக்கலின்றி அடங்கியது. ஆனால் என்ஜின் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டுமானால் விசிறி பெரிதாக வேண்டும். எண்பதுகளில் வந்த 737-களில் துணைக் கருவிகளை அடியிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்தி, கூட்டின் அடிப்பாகத்தைத் தட்டையாக்கினார்கள். பிறகு மேக்ஸ் வந்தது. அதன் என்ஜின் விசிறி 176 சென்டிமீட்டர். அதே குடும்பத்து என்ஜின், உயரமான கால்களுள்ள ஏர்பஸ் ஏ320 நியோவில் 198 சென்டிமீட்டர் விசிறியோடு தாராளமாகத் தொங்குகிறது. சென்னை விமான நிலையத்தில் இரண்டு விமானங்களும் அருகருகே நிற்கும்போது அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், கண்ணாலேயே தெரியும்.

176 சென்டிமீட்டருக்கே இடம் போதவில்லை. முன் சக்கரக் காலைச் சுமார் 20 சென்டிமீட்டர் நீட்டி, என்ஜினை முன்னாலும் மேலேயும் தள்ளினார்கள். மூக்கு அதிகமாக நிமிரும் நிலையில், முன்னால் தள்ளப்பட்ட அந்தப் பெரிய கூடே காற்றில் தூக்குவிசை உண்டாக்கி மூக்கை மேலும் நிமிர்த்தப் பார்த்தது. அதைச் சமன்செய்ய எம்கேஸ் என்ற மென்பொருள் சேர்க்கப்பட்டது. அது ஒரே ஒரு உணரியின் அளவீட்டை நம்பி மூக்கைக் கீழே அழுத்தியதும், 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்ததும் எல்லோரும் அறிந்தது. அந்தத் துயரத்துக்கு நிர்வாகத் தவறுகள் பல உண்டு. ஆனால் சங்கிலியின் முதல் கண்ணி 1960-களில் தேர்ந்தெடுத்த குட்டைக் கால்.

இப்போது பிரேமனுக்கு வருவோம். விஎஃப்டபிள்யூ நிறுவனத்தாரும் கிட்டத்தட்ட அதே தேவையோடுதான் தொடங்கினார்கள். பழைய டிசி-3 விமானங்கள் பறந்த சிற்றூர் ஓடுபாதைகளுக்கு, 40 முதல் 44 பேர் அமரும் ஒரு ஜெட் விமானம் வேண்டும். கல்லும் மண்ணும் கிடக்கும் ஓடுபாதை. ஆகவே கால்கள் குட்டையாக, உறுதியாக இருக்க வேண்டும். என்ஜினோ தரையிலிருந்து விலகி இருக்க வேண்டும். வாலில் வைக்கலாம், ஆனால் இறக்கையின் வளைவைத் தணிக்கும் நன்மை போய்விடும். மேலே வைத்தார்கள். பந்தல் கல்லின் வேலை அப்படியே கிடைத்தது. ஓடுபாதையில் கிடக்கும் கல் என்ஜினுக்குள்ளே போகாது. இறக்கையின் பின்விளிம்பில் விரியும் மடிப்புகளை என்ஜினின் வெப்பக் காற்றுக்கு வழிவிட நடுவில் வெட்ட வேண்டியதில்லை. முழு நீளத்துக்கும் விரிக்கலாம், அதனால் குறுகிய ஓடுபாதையிலும் இறங்கலாம். என்ஜினின் இரைச்சலை இறக்கையே கேடயம்போலத் தடுத்ததால் கீழே உள்ள ஊர்களுக்குச் சத்தமும் குறைந்தது.

அப்படியானால் ஏன் பத்தொன்பதோடு நின்றது? ஆம், மாதிரிகளையும் சேர்த்து மொத்தம் 19 விமானங்கள்தான் கட்டினார்கள். பலர் 'மேலே வைத்த என்ஜின் தோற்றுப்போனது' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அது நியாயமல்ல. 1972 பிப்ரவரி 1 அன்று முதல் மாதிரி விழுந்து துணை விமானி இறந்தார். காரணம், மூக்கை ஏற்றி இறக்க வாலில் உள்ள எலிவேட்டர் என்ற அசையும் இறகின் படபடப்பு, என்ஜின் அல்ல. இந்த விமானத்துக்கென்றே உருவாக்கப்பட்ட எம்45எச் என்ஜினைப் பிரான்சின் ஸ்னெக்மாவோடு சேர்ந்து செய்த ரோல்ஸ் ராய்ஸ், 1971 பிப்ரவரியில் திவாலானது. முதல் பறப்புக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே வாங்குபவர்களின் நம்பிக்கை ஆடிவிட்டது. பிறகு எரிபொருள் விலையேற்றம். டென்மார்க்கின் சிம்பர் ஏர் 1975-ல் சேவையைத் தொடங்கியது, பிரான்சின் சிறு நிறுவனங்கள் சிலவற்றை வாங்கின, ஜெர்மன் விமானப்படை மூன்று வாங்கியது. 1977-ல் திட்டத்தை மூடிவிட்டார்கள். கடைசி விமானம், ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்திடம் பறக்கும் ஆய்வுக்கூடமாக இருந்து 2012-ல்தான் ஓய்வு பெற்று, மியூனிக் அருகே அருங்காட்சியகத்துக்குப் போனது. தோற்றுப்போன வடிவம் அத்தனை ஆண்டுகள் துல்லியமான ஆய்வுகளுக்குப் பயன்பட்டிருக்காது.

மேலே வைப்பதில் உண்மையான சிக்கல் இல்லாமலில்லை. இறக்கையின் மேற்பரப்புதான் விமானத்தின் மிக மென்மையான இடம். காற்று அங்கேதான் வேகமெடுக்கிறது, அழுத்தம் அங்கேதான் குறைகிறது, தூக்குவிசையின் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அங்கே ஒரு தூணை நட்டு அதன் மேல் ஒரு பீப்பாயை வைத்தால் ஓட்டம் குலையும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது நிலைமை மோசம்: ஏற்கெனவே விரைந்தோடும் காற்று, இறக்கைக்கும் கூட்டுக்கும் இடையிலான இடுக்கில் ஒலியைத் தாண்டி, அதிர்வலை உண்டாகி, இழுவை, அதாவது விமானத்தைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசை, தாறுமாறாக உயரும். விஎஃப்டபிள்யூ 614 மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டரில் பறந்ததால் இந்தத் தொல்லை பெரிதாகத் தட்டுப்படவில்லை. பெரிய விமானங்களின் வேகத்துக்கு அது பெருந்தடை என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன.

அந்தப் பாடத்தைத் திருத்தி எழுதியவர் ஜப்பானியப் பொறியாளர் மிச்சிமாசா ஃபுஜினோ. ஹோண்டா நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த சிறு ஜெட் 2003 டிசம்பரில் பறந்தது. அமெரிக்க அரசின் முழுச் சான்றிதழ் கிடைக்க 2015 டிசம்பர் ஆனது. இறக்கையின் மேலே கூட்டை எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் வைக்கிறோம் என்பதைச் சரியாகத் தேர்ந்தால், கூட்டைச் சுற்றியுள்ள காற்றோட்டம் இறக்கையின் அதிர்வலையைப் பலவீனப்படுத்தும் என்று கணக்கிட்டும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தும் காட்டினார். இடம் கொஞ்சம் தவறினால் இழுவை கூடும். இடம் பொருந்தினால், என்ஜினே இல்லாத வெற்று இறக்கையைவிட அதிவேகத்தில் இழுவை குறையும். என்ஜின் தாங்கிகள் உடலின் பின்பகுதியைத் துளைக்காததால் உள்ளே இடமும் மிஞ்சியது. அந்த விமானம் ஏழெட்டுப் பேர் பயணிக்கும் அளவுதான். ஆனாலும் 'மேலே வைத்தால் இழுவை' என்ற தீர்ப்பு முடிவானதல்ல என்று நிரூபித்துவிட்டது.

மேலே வைப்பதிலேயே இன்னொரு வகை உண்டு. அங்கே என்ஜின் தூணில் நிற்பதில்லை, இறக்கையின் முதுகிலேயே படுத்துக்கொண்டு, தான் வெளியேற்றும் காற்றை அதன் மேல் ஊதுகிறது. குழாயிலிருந்து விழும் நீர்த்தாரையில் கரண்டியின் முதுகை இலேசாகத் தொடவையுங்கள். நீர் நேராக விழாமல் கரண்டியின் வளைவைத் தழுவித் திரும்பும். நீரில் வேறு விசைகளும் கலந்திருந்தாலும், விரைந்தோடும் காற்றும் இப்படியே வளைவைத் தழுவும். ருமேனியரான ஹென்றி கொவாண்டாவின் பெயரால் அழைக்கப்படும் விளைவு இது. இறக்கையின் பின்மடிப்பைக் கீழே வளைத்தால் என்ஜினின் முழுத் தாரையும் அதைத் தழுவிக் கீழ்நோக்கித் திரும்புகிறது. விமானம் மெதுவாகப் பறந்தும் விழாமல் நிற்கிறது. போயிங்கின் ஒய்சி-14 இந்த முறையில் 1976 ஆகஸ்டில் பறந்தது. ஓராண்டு கழித்து, 1977 ஆகஸ்டில், உக்ரைனின் அன்டோனோவ் ஏஎன்-72 பறந்தது. உயரமான இறக்கையின் முன்விளிம்பில் இரண்டு பெரிய காதுகளைப்போல என்ஜின்கள் நிற்பதால் பெரிய காதுகளுள்ள கார்ட்டூன் பாத்திரமான செபுராஷ்காவின் பெயரைச் செல்லப்பெயராக வைத்தார்கள். பனியிலும் சரளையிலும் இறங்க வேண்டிய விமானத்துக்கு அது பொருத்தமான விடை. ஒய்சி-14 மாதிரியோடு நின்றுவிட்டது. அதன் போட்டியாளரான ஒய்சி-15, என்ஜின்களை இறக்கைக்கு அடியிலேயே வைத்துப் பின்மடிப்புகளின் மேல் ஊதியது. அந்த வழிதான் இன்று இந்திய விமானப்படையும் வைத்திருக்கும் சி-17 வரை வந்து சேர்ந்தது.

வாலில் வைப்பது இன்று சிறு ஜெட்களில் சாதாரணம். 1955 மே 27 அன்று பிரான்சின் காரவெல் பறந்தபோது அது புரட்சி. இறக்கை எந்தத் தடையுமில்லாமல் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. முன்வரிசைப் பயணிகளுக்கு என்ஜின் இருப்பதே தெரியாது. பிரிட்டனின் விசி10 நான்கு என்ஜின்களையும் வாலில் சுமந்தது. நைரோபி, ஜோகன்னஸ்பர்க் ஆகிய இரண்டும் கடல்மட்டத்துக்கு 1,600 மீட்டருக்கும் மேலே, மெல்லிய, சூடான காற்றில் உள்ளவை. அங்கே குறுகிய ஓடுபாதையில் எழும்ப இறக்கையின் ஒவ்வொரு அங்குலமும் தூக்குவிசை தர வேண்டியிருந்தது. விமானம் தயாராவதற்குள் அந்த ஓடுபாதைகளை போயிங் 707 விமானத்துக்காக நீட்டிவிட்டார்கள்! 54 விசி10-களோடு கதை முடிந்தது. என் மனத்தில் இதைவிட வருத்தமான விமானக் கதை குறைவு. விமானத்தில் பிழை இல்லை, அது தீர்க்க வந்த சிக்கலைச் சிமெண்டும் தாரும் போட்டுத் தீர்த்துவிட்டார்கள்.

வால் என்ஜினுக்குரிய விலைகள் வேறு. இறக்கையில் பந்தல் கல் இல்லாததால் அதைக் கனமாகக் கட்ட வேண்டும். பாரமெல்லாம் பின்னால் இருப்பதால், காலியாக நிற்கும் விமானம் வால்குத்தி உட்கார்ந்துவிடக்கூடும். சோவியத்தின் ஐஎல்-62, தரையில் நிற்கும்போது வாலுக்கடியில் சிறு சக்கரங்கள் கொண்ட ஓர் ஊன்றுகோலை இறக்கிவைக்கும். என்ஜின் வாலில் வந்ததும், கிடைமட்ட வாலிறகு செங்குத்து வாலின் உச்சிக்கு ஏற வேண்டியதாயிற்று. மூக்கு மிகவும் நிமிர்ந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலையில், இறக்கையிலிருந்து பிய்ந்த குழம்பிய காற்று நேராக அந்த உச்சியைப் போய்ச் சூழ்ந்துகொள்ளும். விமானி எவ்வளவு தள்ளினாலும் மூக்கு இறங்காது. 1963 அக்டோபர் 22 அன்று பிரிட்டனின் பிஏசி ஒன்-இலெவன் மாதிரி விமானம் இப்படிச் சிக்கி, சோதனை விமானி மைக் லித்கோவும் உடனிருந்த ஆறு பேரும் இறந்தார்கள். அந்த நிலையை நெருங்கும் முன்பே கட்டுப்பாட்டுத் தண்டைத் தானாக முன்னே தள்ளும் கருவி அதன் பிறகு இத்தகைய விமானங்களில் பரவியது.

நம் ஊருக்கு மிக அருகே வரும் ஒரு நிகழ்வும் வால் என்ஜினோடு சேர்ந்தது. 1976 அக்டோபர் 12, நள்ளிரவுக்குப் பின், பம்பாயிலிருந்து மதராஸுக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல்லின் வலது என்ஜினில், சோர்ந்து விரிசல் கண்ட ஒரு வட்டு உடைந்து சிதறியது. எரிபொருள் குழாய் அறுந்து தீ பரவியது. வாலில் என்ஜின் என்றால் வால் இறகுகளை இயக்கும் அமைப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. அவற்றை அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் திரவம் போய்க் கட்டுப்பாடு இழந்தது. திரும்பி இறங்க முயன்ற விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்து 95 பேரும் இறந்தார்கள். நடிகை ராணி சந்திராவும் அவர்களில் ஒருவர். 1989-ல் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த டிசி-10 விமானத்திலும் வாலில் இருந்த நடு என்ஜினின் விசிறி வட்டுதான் வெடித்து மூன்று ஹைட்ராலிக் வழிகளையும் ஒருசேர அறுத்தது. அடியில் தொங்கினால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன்: 2010-ல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 விமானத்தில் வட்டுத் துண்டுகள் இறக்கையையே துளைத்துக்கொண்டு போயின. இருந்தும் அது திரும்பி வந்து இறங்கியது. உயிர்நாடிகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கவில்லை.

என்ஜினைப் பற்றியே பேசிவிட்டேன்; இறக்கையை வைத்துச் செய்த விநோதங்களில் ஒன்றையாவது சொல்ல வேண்டும். ஹாம்பர்க்கில் செய்த எச்எஃப்பி 320 ஹான்சா ஜெட், 1964-ல் பறந்தது. அதன் இறக்கை முன்னோக்கிச் சாய்ந்தது! வடிவமைத்த ஹான்ஸ் வோக்கே, 1944-ல் பறந்த யுங்கர்ஸ் ஜூ 287 என்ற முன்சாய்வு இறக்கைக் குண்டுவீச்சு விமானத்தில் வேலை செய்தவர். முன்னோக்கிச் சாய்த்ததால் இறக்கையின் உத்திரம் பயணிகள் அறைக்குப் பின்னால் உடலைக் கடந்தது. சிறிய விமானத்திலும் நடுவே இடறாமல் நடக்க முடிந்தது. விலை என்னவென்றால், முன்சாய்ந்த இறக்கை வளையும்போது நுனி முறுக்கிக்கொண்டு மேலும் நிமிரும், அதனால் மேலும் வளையும். அதைத் தாங்க இறக்கையை விறைப்பாக, கனமாகக் கட்ட வேண்டும். ஐம்பதுக்கும் குறைவாகவே விற்றது. இன்றைய கார்பன் இழைப் பொருட்கள் அன்று இருந்திருந்தால் அதன் விதி வேறாக இருந்திருக்கலாம் என்று நான் நம்புகிறேன்.

இனி மேலே வைத்த என்ஜினை நாம் பார்ப்போமா? பார்ப்போம் என்றே நினைக்கிறேன். விசிறிகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. ஏ320 நியோவின் கால்களுக்கும் ஓர் எல்லை உண்டு. உடலும் இறக்கையும் ஒன்றாகக் கலந்த வடிவத்தை போயிங்கும் நாசாவும் எக்ஸ்-48 என்ற சிறிய ஆளில்லா மாதிரியில் 2007 முதல் பறக்கவிட்டன; அதன் என்ஜின்கள் முதுகின் பின்பகுதியில் நின்றன. அதே வழியில் ஜெட்ஸீரோ என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு 2023 ஆகஸ்டில் அந்நாட்டு விமானப்படை 235 மில்லியன் டாலர் ஒதுக்கியது. முழு அளவு மாதிரியை 2027-ல் பறக்கவிடுவது திட்டம். அதிலும் இரண்டு என்ஜின்கள் முதுகின் மேல்தான் இருக்கின்றன. பிரேமனில் செய்ததைப்போலவே, அவற்றின் இரைச்சலைக் கீழே உள்ளவர்களிடமிருந்து மறைப்பது விமானத்தின் அகன்ற உடல்.